‘தெரியும் சிஸ்டர், ஆனா கை போகல’

தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் செவிலியராகச் சேர்ந்த மூன்றாம் மாதம், எல்லா ஷிஃப்ட் ஆட்களுக்கும் முதலுதவி வகுப்பு எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆசையோடுதான் ஒப்புக்கொண்டேன். இரண்டு மூன்று இரவுகள் கண்விழித்து ஸ்லைடுகள் தயாரித்தேன். தீக்காயம், எலும்பு முறிவு, இரத்தப்போக்கு, மயக்கம், வலிப்பு, மூச்சடைப்பு, மின்சாரத் தாக்குதல், மாரடைப்பு, பக்கவாதம் என்று எதையும் விட மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். கடைசியில் இருபது கேள்விகள் கொண்ட தாள். பெரும்பாலானவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்து, எனக்கும் ஒரு நிறைவு.

எட்டாம் நாள் காலையில் நீராவிக் குழாயின் இணைப்பு ஒன்று கழன்று, ஓர் இளைஞனின் முன்கையில் ஆவி அடித்துவிட்டது. சூப்பர்வைசர் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தார். கையில் ஒரு துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் முழங்கை வரை வெள்ளையாகப் பற்பசை. அடியில் தோல் கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றவில்லை. விரல் ஏற்கெனவே வீங்கி மோதிரம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த சூப்பர்வைசர் என் வகுப்பில் இருபதுக்கு இருபது வாங்கியவர். தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடையில் டிக் அடித்திருந்தார். ஆவி அடித்த இடத்திலிருந்து எட்டடி தூரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது.

பையனை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வந்தபோது அவர் என் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “தெரியும் சிஸ்டர். தண்ணியில காட்டணும்னு நல்லாவே தெரியும். ஆனா அந்த நேரத்துல கை அங்க போகல. யாரோ பேஸ்ட்டை நீட்டினாங்க, வாங்கிப் பூசிட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கொடுத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுத நினைப்பது அந்த நாளிலிருந்து நான் மாற்றிக்கொண்டவற்றைத்தான்.

முதலில் மாற்றியது தீக்காயப் பாடத்தை. ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, ஆறு ஆறு பேராக அந்தக் குழாய்க்கே கூட்டிப்போனேன். தீக்காயம் பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். எல்லோரும் வாயால் சொல்வார்கள். “சரி, காட்டுங்க” என்று ஒருவர் கையை நீட்டச் சொல்லிக் கடிகாரத்தை வைத்தேன். மூன்றாம் நிமிடம் “போதுமா சிஸ்டர்?” என்றார். ஐந்தாம் நிமிடம் கால் மாற்றி நின்றார். ஏழாவது நிமிடத்தில் ஒருவர், “நிஜமாவே இவ்வளவு நேரமா? நான் சும்மா ஒரு தடவை அலசினா போதும்னு நெனச்சேன்” என்றார். இருபது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான். வகுப்பில் அந்த எண்ணை எத்தனையோ முறை சொன்ன நான், ஒருமுறைகூட அவ்வளவு நேரம் குழாயடியில் நின்றதில்லை.

நின்றதால் வேறு சிலவும் வெளிப்பட்டன. அந்தக் குழாயில் தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. திருகு இறுகியிருந்தது. ஒரு கை வெந்தவர் மற்றொரு கையால் திறக்கவே முடியாது. முழங்கைக்கு மேல் பட்டிருந்தால் குழாய்க்கு அடியில் கையை நுழைக்க இடமில்லை. ஒரு சிறு ரப்பர் குழாய் மாட்டி, திருகையும் மாற்றச் சொன்னோம். இரண்டே நாளில் நடந்தது. ஸ்லைடில் நூறு வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தத் திருகு இறுகியிருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

தண்ணீருக்கு அடியில் கை இருக்கும்போதே மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றுவதையும் சேர்த்தே பழக்கினேன். வீங்கிய பிறகு முடியாது. ஐஸ் வேண்டாம். வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும். பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு ஒட்டாத சுத்தமான உறையால் தளர்வாக மூடினால் போதும். உடனே குழாய்க்குப் போக முடியாமல் நேரம் கழிந்துவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீரில் காட்டுவதில் பலன் உண்டு. இவ்வளவுதான் பாடம். முன்பு பத்து ஸ்லைடில் சொன்னது.

அடுத்தது சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பைக் கையால் விடாமல் அழுத்தும் முதலுதவி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதயம் நின்று விழுந்த ஒருவருக்கு மூளையில் சேதம் தொடங்கச் சில நிமிடங்களே போதும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கின்றன. மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இப்போது இது தெரியும். ஆனால் 5 செ.மீ. என்பது எவ்வளவு பலத்தைக் கேட்கும் என்று பொம்மையின் மேல் கை வைக்காதவருக்குத் தெரிய வழியே இல்லை.

அந்தப் பயிற்சிப் பொம்மைக்கே ஒரு வரலாறு உண்டு. 1960-இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஓஸ்முண்ட் லேர்டால் அதை உருவாக்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய சின்னஞ்சிறு மகன் நீரில் மூழ்கிச் சாகும் நிலைக்குப் போய், அப்பாவின் கையால் பிழைத்திருந்தான். பொம்மைக்கு அவர் கொடுத்த முகம், பாரிஸின் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம். அவளுடைய முகத்திலிருந்து எடுத்த வார்ப்பு அப்போது ஐரோப்பாவில் பல வீடுகளின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பொம்மையைத் தரையில் கிடத்தும்போது எனக்கு அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருவாள். சிலருக்கு இதைச் சொன்னதும் பொம்மையைத் தொடும் விதமே மாறிவிடும்.

பெரும்பாலானவர்கள் முதல் முறை மிக லேசாகத்தான் அழுத்துவார்கள். உடைந்துவிடுமோ என்பதுபோல. எங்கள் பொம்மைக்குள் சரியான ஆழம் வந்தால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வரவைக்க உடம்பில் ஒரு மாற்றம் வேண்டும். மண்டியிட்டு, தோள்கள் கைக்கு நேர் மேலே வர வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. கையின் பலத்தில் அழுத்தினால் அரை நிமிடத்தில் சோர்ந்துவிடுவோம், இடுப்பிலிருந்து உடம்பின் எடையை இறக்க வேண்டும். இதை வார்த்தையில் விளக்குவதைவிட, பின்னால் நின்று அவர் தோளை இரண்டு அங்குலம் முன்னே தள்ளுவது மேல். தள்ளியதும் ‘கிளிக்’ கேட்கும். அந்த நொடியில் அவர் முகத்தில் வரும் வியப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இரண்டு நிமிடம் தொடர்ந்து செய்யச் சொல்வேன். ஒன்றரை நிமிடத்துக்குள் வேர்த்து ஊற்றும், ஆழம் குறையும். ஆனால் அழுத்துகிறவருக்கு அது குறைவதே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது. மாறும்போது இடைவெளி பத்து நொடியைத் தாண்டக் கூடாது. அதையும் பழக்கினால்தான் வரும். முதல் முறை மாறும்போது இருவரும் ஒரே இடத்தில் மண்டியிட முயன்று முட்டிக்கொள்வார்கள்.

கையை விட மனசு பெரிய தடை. “விலா எலும்பு உடைஞ்சிட்டா?” என்று கேட்பார்கள். உடையலாம். எலும்பு பிறகு கூடிவிடும். இதயம் நின்றவருக்கு நாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசமாக எதையும் செய்துவிட முடியாது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு தயக்கத்தை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்: விழுந்தது ஒரு பெண் என்றால்? எங்கள் பொம்மை ஆணுடையதுபோல வெற்று மார்போடுதான் வந்தது. ஒருநாள் பெண்ணுடைய உடுப்பை மாட்டித் தரையில் வைத்தேன். அதுவரை வேகமாகச் செய்துகொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கம் பயிற்சி அறையில் வந்துபோனால் நல்லது. நிஜமான ஒரு பெண் தரையில் கிடக்கும்போது முதல்முறையாக வரக் கூடாது. அன்றிலிருந்து பாதி வகுப்புகளில் பொம்மை பெண்தான்.

அப்புறம் ஒரு விஷயம். இதயம் நின்றவர் சில சமயம் கரையில் கிடக்கும் மீன்போல வாயைத் திறந்து திறந்து இழுப்பார். “மூச்சு இருக்கு” என்று சுற்றி நிற்பவர்கள் ஆறுதல் அடைவார்கள். அது மூச்சில்லை. தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். இதை நானே வாயால் இழுத்துக் காட்டுவேன். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், ஆனால் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு, இனி கவலையில்லை என்று நம்பினேன். நான்கு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஷிஃப்டுக்குப் போனேன். பலருக்குப் பாதி மறந்திருந்தது. கை வைக்கும் இடம் ஒருபுறம் நழுவியிருந்தது, வேகம் தாறுமாறாக இருந்தது. மிகவும் நொந்துபோனேன். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, இது எங்கள் ஆட்களின் குறை இல்லை. சிபிஆர் திறன் பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மங்கத் தொடங்கும் என்பது உலகம் முழுவதும் பலமுறை பார்க்கப்பட்ட உண்மை. மருத்துவமனை ஊழியர்களுக்கும் அப்படித்தான். வருடத்துக்கு ஒருமுறை முழுநாள் வகுப்பு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது கோப்புக்கு அழகு, நோயாளிக்கு உதவாது.

அதனால் முழுநாள் வகுப்பைச் சுருக்கினேன். பொம்மையை வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் வேலைக்குப் போகும் வழியில் மண்டியிட்டு இரண்டு நிமிடம் அழுத்திவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான், உரை இல்லை. முதலில் முணுமுணுப்பு இருந்தது. நான்கைந்து மாதங்களில் அவர்களே ஒருவரை ஒருவர் திருத்தத் தொடங்கினார்கள். “முழங்கைய மடக்காதடா” என்ற குரல் என் அறைக்குக் கேட்கும்.

இப்படிப் பரவலாகக் கற்றுக்கொடுத்தால் ஒரு நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க்கைச் சொல்லலாம். அங்கே 2005 முதல் பள்ளிகளிலும், 2006 முதல் ஓட்டுநர் உரிமம் வாங்குபவர்களுக்கும் முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில், பக்கத்தில் இருந்தவர் சிபிஆர் செய்தது 2001-இல் சுமார் 21 சதவீதம். 2010-இல் அது சுமார் 45 சதவீதம். அதே காலத்தில் 30 நாட்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். சிகிச்சை முறைகளும் அவசர சேவைகளும் மேம்பட்டதற்கு இதில் பங்குண்டு, எல்லாப் பெருமையும் பயிற்சிக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் கைகள் முன்வந்தன. அவை கற்றுக்கொடுக்கப்பட்ட கைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 12 வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் சிபிஆர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற யோசனையை உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் ஆதரித்தது. நானும் பள்ளிகளில் எடுத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு முழு ஆழம் அழுத்த எடை போதாது. ஆனால் வீட்டுக்குப் போய்த் தலையணையை வைத்து அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இருக்கும் கூச்சம் அவர்களுக்கு இல்லை.

என் யோசனையை அதிகம் மாற்றியது வங்கதேசத்தில் நடந்த ஒரு வேலை. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். பிராக் என்ற அமைப்பு 1980-இல் தொடங்கிப் பத்து வருடங்களில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. படிக்காத தாய்மாருக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுப்பது வேலை. அளக்கும் கரண்டி கிடையாது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பணியாளர் செய்து காட்டுவார், அப்புறம் தாய் அவர் கண் முன்னால் தன் கையாலேயே கலக்க வேண்டும்.

நான் அசந்துபோன இடம் அவர்கள் சம்பளம் கொடுத்த விதம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு ஒருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குப் பணம். மாணவி மறந்தால் ஆசிரியைக்குச் சம்பளம் குறையும். நான் வகுப்பு முடிந்த அரை மணியில் தாள் கொடுத்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தேன்.

அத்தோடு முடியவில்லை. தொடக்கத்தில் தாய்மாருக்குக் கலக்கத் தெரிந்திருந்தும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். ஏன் என்று தேடியபோது, கற்றுக்கொடுத்தவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பணியாளர்களுக்கு விளக்கினார்கள், அவர்களையே குடிக்கச் சொன்னார்கள். வீட்டு ஆண்களை ஒதுக்கி வைத்ததும் ஒரு காரணம் என்று கண்டு, அவர்களையும் கூட்டிவைத்துப் பேசத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் கரைசல் வீடுகளில் நிலைத்தது.

இதைப் படித்த அன்று மாலை நான் என் சொந்தக் கையை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமும் முழுதாக வைத்துக்கொண்டு நின்றேன்.

கை கழுவும் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு தூள் கிடைக்கிறது. கையில் தடவி, வழக்கம்போலக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். விளக்கை இருட்டில் காட்டினால் கட்டை விரலும், நகக்கண்களும், விரலிடுக்குகளும் பளபளக்கும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அவரே திரும்பிப் போய்க் கழுவுவார். சோப்பு போட்டு முழுதாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும்.

தீயணைப்புக் கருவியிலும் அப்படித்தான். படத்தில் பார்த்தால் எளிது: பின்னைப் பிடுங்கு, தீயின் அடிப்பாகத்தைக் குறிபார், கைப்பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. கையில் கொடுத்தால் பத்தில் சிலர் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டே பின்னை இழுப்பார்கள். இறுக்கினால் பின் வராது. அந்தப் பதற்றத்தை ஒருமுறை அனுபவித்தால் போதும், அடுத்த முறை கை தானாகவே தளர்ந்து பிடிக்கும். சிறிய கருவி சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும் என்பதும், வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதும் ஒருமுறை அடித்துப் பார்த்தவருக்குத்தான் உறைக்கும். காலாவதியாகப் போகும் கருவிகளைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பயிற்சியால் ஆகாத இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது நியாயமாகாது. ஒரே இயந்திரத்தில் மூன்றாவது முறையாக ஒருவர் விரலில் அடிபட்டு வந்தார். மேலாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “சிஸ்டர், அந்த செக்ஷனுக்கு இன்னொரு அவேர்னஸ் கிளாஸ் போட்டுடுங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு முன் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அவ்வப்போது ஒரு துண்டு உள்ளே சிக்கும். நிறுத்தும் பட்டன் அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போய் நிறுத்தி, எடுத்து, மறுபடி ஓட்ட நேரமாகும். எண்ணிக்கை குறைந்தால் திட்டு. அதனால் ஓடும்போதே விரலை விட்டு எடுப்பார்கள். விரலை விடக் கூடாது என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை.

“கிளாஸ் வேண்டாம் சார். பட்டனை இந்தப் பக்கம் கொண்டுவாங்க, கை போகாத மாதிரி ஒரு தடுப்பு போடுங்க” என்று எழுதிக்கொடுத்தேன். பாதுகாப்புத் துறையில் இதற்கென்று ஒரு வரிசையே உண்டு. ஆபத்தை அடியோடு நீக்குவது முதலில், பாதுகாப்பான ஒன்றால் மாற்றுவது அடுத்து, பிறகு தடுப்புகள், அதற்கும் பிறகுதான் பயிற்சியும் விதிகளும், கடைசியில் கையுறை, கண்ணாடி. பயிற்சி கொடுப்பவளாக இருந்தும் அந்த வரிசையை நான் முழு மனசோடு ஏற்றுக்கொள்கிறேன். தடுப்பு வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை நான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தேன். வந்த பிறகு அந்த இயந்திரத்திலிருந்து விரல் காயத்தோடு யாரும் என் அறைக்கு வரவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளி ஒருவர் எங்களிடம் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன், எனக்கும். முதல் வருடத் தேர்வுத் தாளில் அவருக்கு மதிப்பெண்ணே இல்லை. பக்கத்தில் இருந்தவர் படித்துக்காட்ட முன்வந்தும் அவர் வெட்கப்பட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டார். தாளை நிறுத்திவிட்டு, “செஞ்சு காட்டுங்க, ஏன் அப்படின்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று மாற்றியபோது அவர்தான் எல்லோரையும்விடத் தெளிவாகச் செய்தார். இவ்வளவு நாளும் என் தாள் அளந்தது படிப்பறிவை.

ஒருநாள் கேன்டீனில் இளைஞன் ஒருவனுக்குத் தொண்டையில் எதோ மாட்டிக்கொண்டது. நான் தூரத்து மேசையில் இருந்தேன். சத்தம் கேட்டு எழுந்து ஓடுவதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று முதுகில் தட்டப் போனார்கள். அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து அவர்களைத் தடுத்தார். “இருமுறான்ல, இரும விடு. தட்டாத” என்றார். பலமாக இருமுகிறவரைத் தொடக் கூடாது, இருமலே எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம் என்று நான் சொல்லியிருந்தேன். சுற்றி அத்தனை பேர் கத்தும்போது ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் பையனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருமல் நின்றது. பையன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கை கழுத்துக்குப் போனது. அடுத்த நொடி அண்ணன் அவனுக்குப் பக்கவாட்டில் வந்து, ஒரு கையை மார்பில் கொடுத்து முன்னால் குனியவைத்து, மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் வெளியே வந்து விழுந்தது. பையன் மூச்சை இழுத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அங்கே வேலை இல்லை.

“எப்படிண்ணா இதெல்லாம் ஞாபகம் வந்துச்சு?” என்று பிறகு கேட்டேன். “ஞாபகமா? அதுக்கு எங்க சிஸ்டர் நேரம். கை போச்சு” என்றார்.

அடுத்த மாதப் பயிற்சியில் மூச்சடைப்புப் பாடத்தை அவரையே எடுக்கச் சொன்னேன். தயங்கினார், பிறகு வந்து நின்றார். ஐந்து முறை முதுகில், வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே, மார்பெலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை, மாற்றி மாற்றி. வயிற்றில் அழுத்தியிருந்தால் நன்றாகிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பையனை நிறுத்திச் செய்து காட்டினார். நிஜமாக அழுத்தாமல், கை வைக்கும் இடத்தை மட்டும். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, கர்ப்பிணியா இருந்தா வயித்துல எப்படி அழுத்துறது?”

அவர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் நின்று, மார்பின் நடுவில் கையை வைக்கும் இடத்தைக் காட்டினேன். “கைக்குழந்தைன்னா?” என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது, அது வேறு பாடம். குழந்தை பொம்மையை எடுத்துவர அண்ணன் என் அறைக்குக் கிளம்பிவிட்டார்.